16 பிட்டா, 32 பிட்டா: நாலு வருட அனுபவம்

இரவு வானத்தைப் படம் எடுப்பவர்களுக்கு, திருத்திய படங்களை 16 பிட்டில் சேமிப்பதா 32 பிட்டிலா என்று ஒரு கேள்வி உண்டு. ஒரு பிக்சலின் வெளிச்சத்தை எத்தனை இலக்க இரும எண்ணில் எழுதுகிறோம் என்பதே பிட். என்னுடையது சோனி ஐஎம்எக்ஸ்533 சென்சார் உள்ள மோனோ (கருப்பு வெள்ளை) கேமரா. உள்ளே 14 பிட்டில் அளந்து, ஃபைலை 16 பிட்டாகத் தருகிறது. டார்க் (மூடி போட்டு எடுத்த படம்) கழித்து ஃபிளாட்டால் (சீரான வெளிச்சத்தில் எடுத்த படம்) வகுத்த படங்களையும் அதனால் சிரில் என்ற வானியல் பட மென்பொருளில் 16 பிட்டிலேயே சேமித்தேன். 14-க்கு 16 தாராளம் என்று நினைத்தேன். படம் ஒன்றுக்கு 18 எம்பி. 32 பிட் என்றால் 36.

இரண்டு வருடம் ஒரு குறையும் தெரியவில்லை. மொட்டை மாடியிலிருந்து ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் நகர வெளிச்சமே பின்னணியைப் பூஜ்யத்திலிருந்து வெகுவாக உயர்த்திவிடும்.

அப்புறம் 3 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஆல்பா ஃபில்டரோடு (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் விடுவது) ஊருக்கு வெளியே போய் ரோசெட் நெபுலா என்ற வாயு மேகத்தை எடுத்தேன். 2 நிமிடம் வீதம் 150 படம். ஸ்டாக் செய்து (எல்லாப் படத்தையும் சராசரியாக ஒன்றாக்கி) எவ்வளவு ஸ்ட்ரெட்ச் செய்தும் (மங்கலானதைப் பிரகாசமாக்கியும்) வெளிப்புறத்து மங்கலான புகை வரவில்லை. மனசு விட்டுப்போயிற்று. டார்க் கழித்த தனிப் படம் ஒன்றின் ஹிஸ்டோகிராமை (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்ற வரைபடம்) திறந்தேன். இடது ஓரத்தில், பூஜ்யத்தில், ஒரே ஒரு கோடு செங்குத்தாக நின்றது.

அங்கேதான் விஷயம். இருட்டு வானத்தில் டார்க்கைக் கழித்தால் மிஞ்சுவது சில எண்களே. இரைச்சலால் (பிக்சல் அளவுகளின் தற்செயலான ஏற்ற இறக்கத்தால்) பாதிக்குக் கொஞ்சம் குறைவான பிக்சல்கள் மைனஸில் போகும். 16 பிட் முழு எண்ணில் மைனஸுக்கு இடமில்லை, எல்லாம் பூஜ்யமாகிவிடும். கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டால் சராசரி மேலே ஏறும். அதுவும் இருட்டான இடத்தில் அதிகமாக, நெபுலா உள்ள இடத்தில் குறைவாக. இரண்டுக்கும் இருந்த சின்ன வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. 150 அல்ல, 1500 படம் சேர்த்தாலும் அது திரும்பாது. தசமம் முழு எண்ணாவதால் வரும் இழப்பு தனிப் படத்தில் பொருட்டே இல்லை. நான் அதை மட்டுமே கணக்குப் போட்டிருந்தேன்.

நல்ல வேளை, மூலப் படங்களை அழிக்கவில்லை. மைனஸும் தசமமும் வைக்க இடமுள்ள 32 பிட் ஃப்ளோட்டில் மறுபடி ஓட்டினேன். 2.7 ஜிபி 5.4 ஆனது. அந்தப் புகை வந்தது.

இப்போது டார்க், ஃபிளாட் முடிந்த படங்கள் 32 பிட். ஸ்டாக் முடிந்ததும் அவற்றை அழித்துவிடுகிறேன். மூலப் படமும் ஸ்டாக்கும் மட்டும் தங்கும். ஸ்டாக்கை 16-ல் வைக்கவே வேண்டாம். 150 படத்தில் இரைச்சல் சுமார் 12 மடங்கு குறைகிறது, அந்த நுணுக்கம் முழு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. டிஸ்க்கில் இடமே இல்லை, தனிப் படங்களுக்கு 16 தான் வழி என்றால், டார்க் கழிக்கும்போதே எல்லாப் பிக்சலிலும் ஒரு நூறு, இருநூறு கூட்டிக்கொள்ளுங்கள்.