அடிபட்டவருக்கு ஏற்ற வழி எது: காவல் நிலையச் சமாதானமா, நடுவர் நீதிமன்றமா?

வடசென்னையின் தெருக்களில் கைகலப்பில் அடிபட்டவருக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் யோசனை, காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, இரு தரப்பும் எழுதிக் கொடுத்துச் சமாதானமாகப் போய்விடலாம் என்பதுதான். தண்டையார்பேட்டையில் வண்டி நிறுத்துவது பற்றிய தகராறில் என் அண்ணன் அடிபட்டபோது எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். முதல் தகவல் அறிக்கை பதியச் செய்து வழக்கைக் காவல் துறையிடம் விட்டுவிடலாம் என்றார் அண்ணி. நாங்கள் இரண்டையும் விட்டு, குற்றவியல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) நேரடியாகத் தனிப்புகார் கொடுத்தோம். காயம் சாதாரணமானதாக இருக்கும்வரை அதுவே சரியான வழி என்று இன்றும் நினைக்கிறேன்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, தாக்குதல் என்ற குற்றத்துக்குக் கை மேலே பட வேண்டிய அவசியமே இல்லை. உடனே வன்முறைக்கு ஆளாவோம் என்று எதிரிலிருப்பவர் அஞ்சும்படி, அந்த எண்ணத்தோடோ அறிவோடோ கம்பை ஓங்கினாலே 130ஆம் பிரிவின் கீழ் அது தாக்குதல் ஆகிவிடும். வெறும் சொற்கள் மட்டும் தாக்குதல் ஆகா. இதற்கு 131ஆம் பிரிவு மூன்று மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. அடி விழுந்து உடலில் வலி உண்டானால் 115(2)ஆம் பிரிவு வரும். அதற்கு ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பழைய தண்டனைச் சட்டத்தின் 323ஆம் பிரிவில் அபராத வரம்பு 1,000 ரூபாயாகத்தான் இருந்தது. இந்த இரண்டு குற்றங்களையும், நடுவரின் ஆணை இல்லாமல் காவல் துறை தானாக விசாரிக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவு, தகவலைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு புகார்தாரரை நடுவரிடம் அனுப்பவே சொல்கிறது. ஆகவே நடுவரிடம் போவது வீம்பு அன்று. சட்டம் காட்டும் பாதையே அதுதான்.

கத்தி போன்ற ஆயுதத்தால் காயம் உண்டாக்கியிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. நியாய சன்ஹிதாவின் 118(1)ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. காவல் துறை தானே விசாரிக்கலாம். முதல் தகவல் அறிக்கைதான் வழி. கொடுங்காயத்துக்கும் அப்படியே. எலும்பு முறிவும் பல் உடைவதும் 116ஆம் பிரிவின்படி கொடுங்காயங்கள். முன்பு 20 நாளாக இருந்த, கடும் வலியோ அன்றாட வேலை செய்ய இயலாமையோ நீடிக்கும் அளவு இப்போது 15 நாளாகக் குறைந்திருக்கிறது. கொடுங்காயம் விளைவிக்கும் எண்ணமோ அறிவோ அடித்தவருக்கு இருந்ததென்று காட்ட முடிந்தால், ஓராண்டுக்குள் முடிந்திருக்க வேண்டிய தண்டனை 117(2)இன் கீழ் ஏழாண்டு வரை போகும். எனவே சமாதானம் பேச உட்காரும் முன் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்து, ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த நகலைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே நிகழ்வில் ஒரு குற்றமாவது காவல் துறை தானே விசாரிக்கக் கூடியதாக இருந்தால், முழு வழக்குமே அத்தகையதாகக் கருதப்படும். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, வழிமறித்தது ஆகியவை அப்படிப்பட்டவை. உண்மையில் அவை நடந்திருந்தால் மனுவில் எழுத வேண்டும். நடக்காததைச் சேர்த்து எழுதினால் குறுக்கு விசாரணையில் புகார் முழுவதுமே ஆட்டம் காணும். எங்கள் தகராறில் அப்படி எதுவும் இல்லை.

நிலையச் சமாதானத்தின் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்துக்குப் போகிறவருக்கும், துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவருக்கும் ஒரு மாலையில் முடிந்துவிடும் பேச்சு பெரிய நிம்மதி. ஆனால் எழுதி வாங்கிய அந்தத் தாளின் பலம் எவ்வளவு என்பதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. மருத்துவச் செலவைத் தருவதாக எழுதிக் கொடுத்தவர் தராமல் போனால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு உடனே வசூலிக்க முடியாது. அதற்குத் தனியாக உரிமையியல் வழக்குப் போட வேண்டும். இதற்கிடையில் காலவரம்பும் ஓடிக்கொண்டிருக்கும். ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைப் பொதுவாக ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போயாக வேண்டும். இன்று தருகிறேன், அடுத்த மாதம் தருகிறேன் என்ற வாக்கில் அந்த ஆண்டு கரைந்தால் அடிபட்டவர் கையில் எதுவும் மிஞ்சாது.

நீதிமன்றத்துக்குப் போனால் சமாதானத்துக்கு இடமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். 115(2)ஆம் பிரிவு வழக்கில் நிலைமை நேர்மாறானது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவின்படி, அடிபட்டவரே நீதிமன்ற அனுமதி தேவையில்லாமல் எதிரியோடு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரோடு, சமரசம் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் எதிரி விடுதலை செய்யப்பட்டதற்கு அது சமம் என்பதால், அவருக்கும் அதில் உறுதியான பயன் இருக்கிறது. அந்தச் சமரசம் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதற்கு மேல்முறையீடு இல்லை. ஒப்புக்கொண்ட பணம் வராவிட்டால் அதைக் கொண்டே, பணத்தை வசூலித்துத் தரக் கோரும் நிறைவேற்று மனு போடலாம். அதாவது நிலையத்தில் கிடைக்கக்கூடிய அதே சமாதானம் இங்கேயும் கிடைக்கிறது, வசூலிக்கும் உரிமையோடு கிடைக்கிறது. தவிர, தனிப்புகாரைக் கோப்பில் எடுக்கும் முன், அதாவது வழக்காக ஏற்கும் முன், எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. அதற்கான அறிவிப்பு போய்ச் சேர்ந்த பிறகுதான் எதிர்த்தரப்பு எங்களிடம் உண்மையான அக்கறையோடு பேச வந்தது. புகார் கோப்பில் ஏறியபின் லோக் அதாலத்தில் முடித்தோம். மருத்துவச் செலவும் வந்து சேர்ந்தது.

இந்த வழிக்கும் விலை உண்டு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் புகார்தாரர் போயாக வேண்டும். அவர் தொடர்ந்து வராவிட்டால் எதிரி விடுதலையாகிவிடலாம். தினக்கூலி பெறுகிறவருக்கு ஜார்ஜ் டவுன் வரை போய்க் காத்திருக்கும் நாள் வருமானமில்லாத நாள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சி அவர்கள் பின்வாங்கத் தேவையில்லை. எதிர்த்தரப்பு பதிலுக்கு ஒரு புகார் கொடுப்பதும் வழக்கம்தான். எங்களுக்கு அது நேரவில்லை. எங்கள் வழக்கு சாட்சி விசாரணை வரை போகாததால், முழு விசாரணையில் ஒரு குடும்பம் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே வீட்டின் மாடியிலும் கீழுமாக வாழ்கிறவர்கள் என்றால் நிலையத்தில் பேசி முடிப்பதே மேலாக இருக்கலாம்.

அடிபட்டவர் பெண்ணாக இருந்து, மானபங்க நோக்கத்தோடு தாக்கப்பட்டிருந்தால் நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவில் குறைந்தது ஓராண்டும் அதிகபட்சம் ஐந்தாண்டும் சிறை உண்டு. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மற்றவர் தாக்கினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கக் கோரலாம். இவ்விரண்டிலும் முதல் தகவல் அறிக்கையைத்தான் வலியுறுத்த வேண்டும். மற்றபடி சாதாரணக் காயத்தில், நிலையத்தில் பேசத்தான் போகிறோம் என்று முடிவு செய்பவர்கள்கூட சி.எஸ்.ஆர். ரசீதையும் ஏ.ஆர். காப்பியையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பணம் தரவேண்டிய கெடுவை அந்த ஓராண்டு முடிவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே குறிக்கச் செய்ய வேண்டும்.