உழவர் வாட்ஸ்அப் குழு: நெடுநாள் நடத்திப் பார்த்ததில் தெரிந்தவை

"நீங்க போட்ட விலை தப்பு." தக்காளிக் குழுக்களில் அடிக்கடி வரும் புகார் இதுதான். காலையில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை மண்டி விலையைப் போட்டதும் பாலக்கோட்டிலிருந்து ஒருவர் "இங்க அந்த விலை இல்லையே" என்பார். இன்னொருவர் "எனக்கு அதைவிடக் கூடுதலாவே கிடைச்சுது" என்பார். மூவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் 25 கிலோ கிரேட் பெட்டிக்குச் சொல்கிறார், மற்றவர் சிறிய பெட்டிக்கு. ஒருவர் கமிஷனும் ஏற்றுகூலியும் கழித்துக் கையில் வந்ததைச் சொல்கிறார், மற்றவர் ஏலத்தில் கூவியதை. ஒருவர் முதல் ஏலம், மற்றவர் வரத்து குவிந்த பிறகு.

இந்தப் புகாரை "இனி விலையைச் சரியாகப் போடுவோம்" என்று எடுத்துக்கொண்டால் ஒன்றும் மாறாது. செய்தியின் வடிவத்தை மாற்றினால் மாறும். சந்தை, தேதி, நேரம், நாட்டுக் காயா ஹைபிரிட்டா, முதல் தரமா இரண்டாம் தரமா, எத்தனை கிலோ, கமிஷனுக்கு முன்பா பின்பா: இந்த ஏழும் இல்லாத விலையை அட்மின் அனுமதிக்கக் கூடாது. கிரேட் விலையோடு கிலோ விலையையும் வகுத்து எழுதிவிட வேண்டும். இப்படி எழுதத் தொடங்கியதும் விலை பற்றிய சண்டை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

மாம்பழத்தில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். பெங்களூரா (கிளிமூக்கு) ரகம் கூழ் ஆலைக்கு டன் கணக்கில் போகிறது. அல்போன்சாவும் செந்தூராவும் கிலோ கணக்கில் பேசப்படுகின்றன. ஆலை வாசல் விலையா, தோட்டத்து விலையா என்று எழுதாவிட்டால் பறிகூலியும் வண்டி வாடகையும் யார் தலையில் என்பது தெரியாது. அந்த வித்தியாசமே சிறிய தோப்புக்காரரின் லாபத்தை விழுங்கக்கூடியது.

உறுப்பினர் சொல்லும் குறை எப்போதும் மெய். அவர் சொல்லும் காரணம் பல நேரம் வேறாக இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் குழு நடத்துபவரின் முதல் வேலை. "குரூப்ல சேர்ந்ததிலிருந்து போன் ஹேங் ஆகுது" என்பது இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்கிச் சேமிப்பை அடைப்பதே காரணம். அமைப்புகளில் சேமிப்பு, தரவு பகுதிக்குப் போய் மீடியா தானாகப் பதிவிறங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். குழுவின் தகவல் பக்கத்தில், மீடியாவை கேலரியில் காட்டும் வசதியையும் அணைக்கச் சொல்லுங்கள். இதை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து அம்புக்குறி போட்டு ஒரு முறை அனுப்பினால் போதும். பெரும்பாலோர் போனில் அமைப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால், எழுத்தில் மட்டும் விளக்கினால் வழி தவறிவிடுவார்கள்.

குழுவை எப்படிப் பிரிப்பது? வட்டம் வாரியாகப் பிரிப்பது பார்க்க ஒழுங்காகத் தெரியும், பயன் குறைவு. பாலக்கோட்டுத் தக்காளிக்காரருக்கு ராயக்கோட்டை நிலவரம் வேண்டும். பக்கத்து ஊர்ப் புளி விலை வேண்டாம். ஆகவே பயிர்வாரியாகப் பிரித்து, பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் கீழ் வைப்பது நல்லது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்றாலும், முந்நூறு நானூறைத் தாண்டினால் கேள்வி கேட்கக் கூச்சப்படுபவர்கள் கேட்பதையே விட்டுவிடுவார்கள். மழை எச்சரிக்கை, முகாம் தேதி போன்றவை கம்யூனிட்டியில் அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழுவில் மட்டும் போகட்டும்.

மருந்து விஷயத்தில் கூடுதலாக நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, தவறினால் பயிரும் உடலும் போகும். "குரூப்ல சொன்ன மருந்து கேக்கல" என்ற புகார் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, "உங்க டேங்க் எத்தனை லிட்டர்?" ஒருவர் "ஒரு டேங்குக்கு 5 மில்லி" என்று பதில் எழுதுகிறார். அவர் கைத்தெளிப்பான் 10 லிட்டர். படிப்பவரின் பேட்டரி ஸ்ப்ரேயர் 16 லிட்டர். மாந்தோப்புக்காரர் 200 லிட்டர் டிரம்மில் கலக்குகிறார். லிட்டருக்கு 0.5 மில்லி என்று எழுதியிருந்தால் முதலாமவருக்கு 5, இரண்டாமவருக்கு 8, மூன்றாமவருக்கு 100 மில்லி என்று அவரவரே கணக்குப் போட்டிருப்பார்கள். எனவே டேங்க் கணக்கில் எழுதிய எந்தப் பதிலையும் நீக்கிவிட வேண்டும். குழுவில் யார் போட்ட செய்தியையும் அட்மின் நீக்க முடியும். மருந்தின் வணிகப் பெயரோடு உள்ளிருக்கும் வேதிப்பொருளின் பெயர், லிட்டருக்கு எவ்வளவு, தெளித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், இவை மூன்றும் லேபிள் படத்தோடு வர வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறியில் பயன்படுத்தத் தடை இருக்கிறது. "எங்க தாத்தா காலத்துல இருந்து அடிக்கிறோம்" என்று யார் பரிந்துரைத்தாலும் விடக் கூடாது.

நோய் கேட்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: முழுச் செடி, இலையின் மேற்புறம், இலையின் அடிப்புறம். இலைப்பேனும் சிலந்திப்பேனும் அடிப்புறத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துச் சொல்லும் பதில் ஊகம்தான். பையூர் ஆராய்ச்சி நிலையத்தையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகும்போதும் இதே மூன்று படங்கள் கையில் இருந்தால் வேலை சுருங்கும்.

கருத்துக் கேட்பதற்கு முதலில் எல்லோரும் நாடுவது வாக்கெடுப்பு. வாட்ஸ்அப்பில் 12 தெரிவுகள் வரை வைக்கலாம், எளிது. ஆனால் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோருக்கும் பெயரோடு தெரிந்தால், மண்டிக்காரரும் மருந்துக் கடைக்காரரும் இருக்கும் குழுவில் யார் மனதில் இருப்பதைச் சொல்வார்? கடன் அங்கே, காய் போடுவதும் அங்கே. இதனால் "வியாபாரிகள் குழுவில் இருக்கலாமா?" போன்ற கேள்விகளுக்கு வாக்கெடுப்பு உதவாது. கூட்ட நேரம், முகாம் நாள் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் பெயர் தெரியாத வாக்கெடுப்பு உண்டு, போன் எண்ணையும் மறைக்கலாம். இருந்தும் இங்கே பெரும்பாலோர் போனில் அது இல்லை, இருந்தாலும் திறப்பதில்லை.

கூகுள் படிவம் வைத்தால் 'ஒருவருக்கு ஒரு பதில் மட்டும்' என்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மின்னஞ்சல் கணக்கில் உள்நுழையச் சொல்லும்; கடவுச்சொல் நினைவில்லாதவர் அங்கேயே மூடிவிடுவார். கேள்வி நான்கைத் தாண்ட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது குரல் பதிவு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். தமிழ் பேச்சு தடையில்லாமல் வரும், தட்டச்சுதான் வராது. வாரம் ஒரே ஒரு கேள்வியை அட்மினே அரை நிமிடக் குரலில் கேட்டு, "பதிலை எனக்குத் தனியா வாய்ஸ்ல அனுப்புங்கண்ணா, அக்கா" என்று சொன்னால் குழுவில் வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். குறை ஒன்று உண்டு: குரலைப் பின்னால் தேடி எடுக்க முடியாது. கேட்டவுடன் நோட்டில் நான்கு கட்டத்தில் எழுதிவிடுங்கள். யார் சொன்னது, அவர் சொற்களிலேயே என்ன சொன்னார், விசாரித்ததில் தெரிந்த காரணம், செய்தது. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும்வரை நான்காவதை நிரப்பக் கூடாது.

வெளியேறியவர்களை யாரும் கேட்பதில்லை. குழுத் தகவலின் கீழே கடந்த 60 நாட்களில் விலகியவர்கள் பட்டியல் இருக்கிறது. அவர்களில் சிலருக்கு மாலையில் போன் போட்டு, திரும்பச் சேரச் சொல்லாமல், "என்ன தொந்தரவா இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பெண் விவசாயிகள் விலகினால் எண்ணைப் பார்த்துத் தெரியாதவர்கள் இரவில் அழைப்பது காரணமாக இருக்கலாம். அவர்கள் அதைக் குழுவில் எழுதவே மாட்டார்கள். அவர்களுக்கு அறிவிப்புக் குழுவை மட்டும் கொடுக்கலாம்; அங்கே மற்ற உறுப்பினர்களுக்கு எண் தெரியாது. அழைத்தவர் யாரென்று தெரிந்தால் எச்சரிக்கை இல்லாமல் நீக்கிவிடுவதே நியாயம்.

கேட்டதற்கெல்லாம் தலையாட்டத் தேவையில்லை. இரவு முழுதும் குழு திறந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் வருவது பெரும்பாலும் ஃபார்வர்டுகள்தான் என்பதால் இரவு 9 முதல் காலை 5 வரை அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடலாம். இது தானாக நடக்காது, ஒருவர் தினமும் மாற்ற வேண்டும்; இரண்டு அட்மின் முறை வைத்துக்கொள்ளுங்கள். நாற்று, வைக்கோல், பழைய டிராக்டர் விளம்பரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடம் கொடுத்தால் இரு தரப்பும் ஒத்துக்கொள்கிறார்கள்.

நெருக்கடி நாட்களுக்குத் தனி விதி வேண்டும். 2025 ஜூனில் ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநில பெங்களூரா காய் உள்ளே வரத் தடை விதித்தது. அப்படிப்பட்ட நாளில் பழைய செய்தித் துணுக்குகளும் தேதியில்லாத உத்தரவுப் படங்களும் புதிதுபோல் ஓடும், அதை நம்பி ஒருவர் லோடு ஏற்றாமல் காயை மரத்திலேயே விட்டுவிடக் கூடும். உத்தரவு எண், தேதி, எந்த அலுவலகம் என்பது தெரியாத படத்தை உடனே நீக்கி, உறுதியானதை மட்டும் குழுவின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். பின் செய்யும்போது 24 மணி நேரத்தைத் தேர்வு செய்யுங்கள். 30 நாள் வைத்தால் நிலைமை மாறிய பிறகும் பழைய செய்தியே மேலே நிற்கும்.

மாதம் ஒரு முறை நோட்டைப் பார்த்து, வந்த கருத்தில் எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை, ஏன் என்று இரண்டு நிமிடக் குரல் பதிவாகப் போடுங்கள். செய்யாததை விட்டுவிடாமல் சொல்வது முக்கியம். சொன்னவர் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் சேர்க்கவும். மாம்பருவம் முடிந்து ஆகஸ்டில் குழு அமைதியாகும்போது இரண்டாவது அட்மினிடம் நோட்டைக் கொடுத்து, அவர் போனிலும் அட்மின் உரிமை வேலை செய்கிறதா என்று ஒரு செய்தியை நீக்கிப் பார்த்துவிடுங்கள். ஒரே எண்ணில் உரிமை இருந்து அந்த போன் தொலைந்தால், அடுத்த பருவத்துத் தொடக்கத்தில் குழுவை ஒழுங்குபடுத்த ஆளிருக்காது.