ரூர் மாணவர்களின் இரவல் சைக்கிள்: மெட்ரோபோல்ராட்ரூர் சேவையும் அதைச் சுற்றியுள்ள விதிகளும்

ஜெர்மனியின் மேற்கிலுள்ள ரூர் பகுதிக்குப் படிக்க வரும் மாணவருக்குக் கிடைக்கும் சலுகைகளில், செமஸ்டர் பயணச்சீட்டுக்கு அடுத்தபடியாகப் பயனுள்ளது மெட்ரோபோல்ராட்ரூர் என்ற பொது சைக்கிள் சேவை என்பது என் கருத்து. 2004இல் லைப்சிக் நகரில் தொடங்கப்பட்ட நெக்ஸ்ட்பைக் நிறுவனம் இச்சேவையை 2010 முதல் நடத்தி வருகிறது. டார்ட்மண்ட், போஹும், எஸ்ஸன், டூயிஸ்பர்க் உள்ளிட்ட பத்து நகரங்களில் இதன் நிலையங்கள் உள்ளன. போஹும் ரூர் பல்கலைக்கழகம், டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மாணவர் பேரவைகள் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் முதல் 60 நிமிடத்துக்குக் கட்டணமில்லை. இதை இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லா மாணவர்களும் செலுத்தும் செமஸ்டர் கட்டணத்திலிருந்துதான் இதற்கான பணம் போகிறது. வண்டியைத் தொடாதவரும் கொடுத்திருக்கிறார், தினமும் ஓட்டுபவரும் அதே அளவுதான் கொடுத்திருக்கிறார். ஆகவே பயன்படுத்தாமல் விடுவதுதான் நட்டம்.

பதிவு செய்வது எளிது. செயலியை இறக்கிக்கொண்டு, பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியை உறுதிசெய்து, கட்டணம் செலுத்தும் முறை ஒன்றை இணைத்துவிட்டால் போதும். வண்டியிலுள்ள குறியீட்டைச் செயலியில் படித்ததும் பின்சக்கரத்துப் பூட்டு திறந்துகொள்ளும். பெரும்பாலோர் உடனே ஏறி மிதித்துவிடுகிறார்கள். நான் சொல்வேன், அரை நிமிடம் நின்று இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பாருங்கள், டயரில் காற்று இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்றுங்கள். பலர் கைமாறி ஓடும் வண்டி எந்த நிலையில் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குறை இருந்தால் செயலியிலேயே புகார் பதிந்துவிட்டு வேறு வண்டி எடுக்க வேண்டும். குறையுள்ள வண்டியைச் சொல்லாமல் ஓட்டித் திருப்பினால், அந்தச் சேதம் உங்களுக்கு முன்பே இருந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

எடுப்பதைவிடத் திருப்பிக் கொடுப்பதில்தான் கவனம் தேவை. வண்டியை நிலையத்தில் நிறுத்தி, பூட்டின் நெம்புகோலைக் கீழே இழுத்து மூடி, பயணம் முடிந்ததாகச் செயலி சொல்கிறதா என்று பார்த்த பின்னரே நகர வேண்டும். சிறிது நேரம் நிறுத்தி வைப்பதற்கென்று தனி வசதி உள்ளது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வண்டியைத் திருப்பியாகிவிட்டது என்று நம்பி வகுப்புக்குள் போய்விடுபவருக்கு மணிக்கணக்கில் கட்டணம் ஏறும். அனுமதித்த இடத்துக்கு வெளியே, உதாரணமாக ஒரு நண்பரின் குடியிருப்பு வாசலிலேயே விட்டுவிட்டால், தனிக் கட்டணம் விதிப்பார்கள். இதைச் சிலர் கொடுமை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வண்டியை எடுத்துவர ஓர் ஊழியர் வேனில் போக வேண்டும், அதுவரை நிலையத்துக்கு வரும் அடுத்த மாணவருக்கு வண்டி இருக்காது.

நம் மாணவர்கள் மிகச் சுலபமாக மீறும் விதி வேறொன்று. விடுதியில் 'மச்சான், சாவி குடு' என்று கேட்டு நண்பனின் பைக்கை எடுத்துப் பழகியவர்களுக்கு, செயலியைத் திறந்து ஒரு வண்டியை விடுவித்து நண்பனிடம் கொடுப்பது மிக இயல்பான காரியமாகத் தோன்றும். ஆனால் இங்கே வண்டி இரவல் தரப்படுவது கணக்கில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். பூட்டு சரியாக விழாமல் வண்டி திருடுபோனாலும், சுவரில் மோதி முன்சக்கரம் வளைந்தாலும், இரண்டு நாள் கழித்துத் தெருவோரத்தில் கிடைத்தாலும், நிறுவனம் கேள்வி கேட்கப்போவது கணக்கு வைத்திருப்பவரைத்தான். நண்பன் பணம் தருவான் என்பது உங்கள் இருவருக்குள் உள்ள பேச்சு. ஒப்பந்தத்தில் அவன் இல்லை. அவசரத்துக்கு உதவ வேண்டுமென்றால், அவரையே பதிவு செய்யச் சொல்லுங்கள். அவரும் அதே பல்கலைக்கழக மாணவராக இருந்தால் அதே 60 நிமிடம் அவருக்கும் உண்டு.

டபுள்ஸ் பழக்கத்தையும் விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். சாதாரண சைக்கிளில் பெரியவர் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்ட ஜெர்மன் சாலை விதி அனுமதிப்பதில்லை. தகுந்த இருக்கையில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை 16 வயது நிரம்பியவர் ஏற்றிச் செல்லலாம், அவ்வளவுதான். நீல வட்டப் பலகையில் சைக்கிள் படம் இருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும். நடைபாதையில் பெரியவர்கள் ஓட்டக் கூடாது. சைக்கிள் ஓட்டிக்கொண்டே கைப்பேசியைக் கையில் பிடித்தால் 55 யூரோ அபராதம். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 60 யூரோ, விளக்கு சிவப்பாகி ஒரு நொடிக்கு மேல் ஆகியிருந்தால் 100 யூரோ. இரண்டு நிலையிலும், சாலை விதி மீறல்களைக் குறித்து வைக்கும், ஃப்ளென்ஸ்புர்க் நகரிலுள்ள மத்தியப் பதிவேட்டில் உங்கள் பெயரில் ஒரு தண்டனைப் புள்ளி ஏறும், கார் ஓட்டுநருக்கு ஏறுவதைப் போலவே. தலைக்கவசம் கட்டாயமில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். கட்டாயமில்லாவிட்டாலும் டிராம் தண்டவாளம் ஓடும் தெருக்களில் அணிவதே நல்லது, ஏனென்றால் மழையில் நனைந்த தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

இவ்வளவு விதிகளையும் தாண்டி, இந்தச் சேவை தரும் மகிழ்ச்சி எஸ்ஸனில்தான் முழுமையாகத் தெரியும். நிலக்கரியும் எஃகும் ஏற்றிச் சென்ற பழைய ரயில் பாதையின் மேல் அமைத்த ஆர்எஸ்1 என்ற விரைவு சைக்கிள் பாதை, பல்கலைக்கழகத்தின் எஸ்ஸன் வளாகத்தை ஒட்டியே போகிறது. டூயிஸ்பர்க்கிலிருந்து ஹாம் வரை ஏறக்குறைய 100 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிட்ட இப்பாதையின் முதல் பகுதி, எஸ்ஸனுக்கும் மூல்ஹைமுக்கும் இடையே 2015இல் திறக்கப்பட்டது. நடப்பவருக்குத் தனியே, சைக்கிளுக்குத் தனியே பிரித்த பாதை. சந்திப்புகளும் விளக்குகளும் மிகக் குறைவு. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றமும் மிக மெதுவானது. எஸ்ஸன் வளாகத்தில் எடுத்த வண்டியை மூல்ஹைம் நகர நடுவில் விடுவதற்கு 60 நிமிடம் தாராளம், நிதானமாக மிதிப்பவருக்கும்கூட. அந்த நகரமும் இதே வலையமைப்பில் இருப்பதால் திரும்பி வர ரயில் ஏறிக்கொள்ளலாம்.

போஹும் அப்படியல்ல. ரூர் பல்கலைக்கழகம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே மேட்டில் இருக்கிறது. கெம்னாட் ஏரிக்கு இறங்குவது எவ்வளவு சுகமோ, திரும்பி ஏறுவது அவ்வளவு பாடு. பொதுப் பயன்பாட்டுக்கென்று உறுதியாகச் செய்த இந்தக் கனமான வண்டியில் அந்த மேட்டை ஏறுவதைவிட, ஏரிக்கரையில் சுற்றிவிட்டு மேலே வர வேறு வழி பார்ப்பது மேல். நகர நடுவிலிருந்து வளாகத்துக்கு யு35 ரயில் அடிக்கடி ஓடுகிறது. அந்த ரயிலோடு போட்டி போடுவதைவிட, அது தொடாத குறுக்குத் தெருக்களுக்குத்தான் சைக்கிளின் பயன் அதிகம்.

மின் ஸ்கூட்டர்களை இந்தச் சைக்கிளின் தம்பியாகக் கருதுவது பெரும் தவறு. தெருவோரங்களில் பல நிறுவனங்களின் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. அதே கைப்பேசி, அதே விரல் அசைவு. சட்டத்தின் பார்வையில் அவை மோட்டார் வாகனங்கள். 2019 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி அவற்றின் வேகம் மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டக் கூடாது, ஓட்டுபவருக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும், காப்பீட்டு வில்லை ஒட்டியிருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. மது விஷயத்தில்தான் பலர் சிக்குகிறார்கள். சைக்கிளில் போகிறவருக்கு இரத்தத்தில் மது 1.6 புரோமில், அதாவது ஆயிரத்தில் 1.6 பங்கு என்பது தவறாமல் குற்றமாகும் எல்லை. தடுமாறி ஓட்டினாலோ விபத்து நேர்ந்தாலோ 0.3இலேயே வழக்கு வரலாம். ஸ்கூட்டருக்கோ காருக்குள்ள எல்லைதான்: 0.5 புரோமிலில் 500 யூரோ அபராதம், ஒரு மாதம் வாகனம் ஓட்டத் தடை, இரண்டு புள்ளிகள். 21 வயது நிரம்பாதவர் துளியும் குடித்திருக்கக் கூடாது. இளநிலைப் படிப்புக்கு வருபவர்களில் பலர் இந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். விருந்து முடிந்து கடைசி ரயிலைத் தவறவிட்டவருக்கு முன்னால் பச்சை விளக்கு மின்ன ஒரு ஸ்கூட்டர் நிற்கும். நடந்து போவதே உத்தமம்.

மாணவர்களுக்கான தனிநபர் பொறுப்புக் காப்பீடு இந்த நாட்டில் மலிவாகக் கிடைக்கிறது. சைக்கிளில் போகும்போது பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்தை அது பொதுவாக ஏற்றுக்கொள்ளும். இரவல் வாங்கிய வண்டிக்கே நேரும் சேதம் அதில் அடங்குமா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுவதால், வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது நல்லது.

சைக்கிளைப் போலவே செயலி வழியே காரையும் சிறிது நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கும் கார் பகிர்வு வேண்டுமென்று நினைப்பவர்கள் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். இந்திய உரிமம், ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். மொத்தத் தங்கலே பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாது என்று நிரூபிப்பவர் மட்டும் மேலும் ஆறு மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு வந்தவருக்கு அந்த வழி இல்லை. ஊரிலிருந்து வாங்கி வந்த சர்வதேச அனுமதி அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. அதன்பின் ஜெர்மன் உரிமம் வேண்டும்; இந்தியாவில் உரிமம் பெற்றவர் எழுத்துத் தேர்வு, வாகனம் ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேறியே ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம் என்பது சற்று ஆறுதல். கெடு முடிந்தபின் ஓட்டினால் அது வெறும் அபராதமல்ல, உரிமமின்றி ஓட்டிய குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பதிவின்போது கார் பகிர்வு நிறுவனம் உங்கள் உரிமத்தை ஏற்றுக்கொண்டது என்பது ஏழாவது மாதத்தில் காவலரிடம் செல்லுபடியாகும் வாதமாகாது. இங்கும் கணக்கு ஒருவருக்குரியது, நண்பரின் கணக்கில் கார் எடுப்பது இருவரையும் சேர்த்துச் சிக்க வைக்கும். விபத்து நேர்ந்தால் காப்பீடு இருந்தாலும் ஒரு தொகையை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். பல நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு அத்தொகையைக் குறைத்துத் தருகின்றன, மாணவர் பட்ஜெட்டில் அந்தக் கூடுதல் கட்டணத்தை நான் சிக்கனப்படுத்த மாட்டேன்.

அறை மாற்றும்போது கட்டிலும் மேசையும் ஏற்ற வேன் தேவைப்படும். சில பல்கலைக்கழகங்களின் மாணவர் பேரவைகள் அதைக் குறைந்த வாடகைக்குத் தருகின்றன. உரிம விதி அதற்கும் அதேதான்.

படிப்பு முடிந்து பல்கலைக்கழகப் பதிவிலிருந்து பெயர் நீங்கியதும் சைக்கிள் சலுகையும் நின்றுவிடும், ஆனால் செயலியும் அதில் இணைத்த வங்கி அட்டையும் அப்படியே இருக்கும். அதன்பின் எடுக்கும் வண்டிக்கு முதல் நிமிடத்திலிருந்தே வழக்கமான கட்டணம் பிடிக்கப்படும் என்பதால், வேலை தேடித் தங்குகிறவர்கள் மின்னஞ்சல் முகவரியை மாற்றிக்கொண்டு, தங்களுக்குப் பொருந்தும் கட்டணத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே அடுத்த வண்டியை எடுக்க வேண்டும்.