பழைய டாடா நானோ வாங்கலாமா? பக்கத்தில் ஒரு க்விட்

செகண்ட் ஹேண்டில் டாடா நானோ இன்று ஒரு புது பைக் விலைக்கே கிடைக்கிறது. ஊருக்குள் ஓட்ட மட்டும் என்றால் அந்தக் காசுக்கு இவ்வளவு இடவசதி வேறு எதிலும் வராது. நீளம் 3.1 மீட்டர்தான். எஞ்சினைப் பின்னால் தள்ளிவிட்டதால் உள்ளே உயரமான ஆளும் கால் நீட்டி உட்காரலாம். மாருதி 800-ஐவிட வெளியே 8 சதவீதம் சிறியது, உள்ளே 21 சதவீதம் பெரியது என்று கம்பெனி சொன்னது வெறும் விளம்பரமல்ல. பின்சீட்டில் ஏறினாலே தெரியும்.

அப்படியிருந்தும் விற்பனை படுத்துவிட்டது. 2009-ல் 2 லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள், குலுக்கல் போட்டுத்தான் வண்டி ஒதுக்கினார்கள். குஜராத்தின் சானந்தில் நானோ ஆலை ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டிக்காகக் கட்டப்பட்டது. 2010 நவம்பரில் விற்றது வெறும் 509. நன்றாக ஓடிய 2011-12-லும் 75 ஆயிரத்தை எட்டவில்லை. முதலில் ஆலை கட்டிய மேற்கு வங்கச் சிங்கூரில் நிலத் தகராறால் நேர்ந்த தாமதமும், சில வண்டிகள் தீப்பிடித்த செய்தியும் அடி கொடுத்தது உண்மைதான். ஆனால் கணக்கு அதற்கு முன்பே பிசகிவிட்டது. ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகும் குடும்பத்துக்கு வேண்டியது கார். அதில் ‘மலிவு’ என்ற சொல்லைச் சேர்த்தது கம்பெனி. வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்து ‘ஒரு லட்ச ரூபாய் காரா?’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் முடிந்தது கதை. அதற்குப் பழைய ஆல்டோவே மேல் என்று ஜனம் அங்கே போய்விட்டது.

நானோவின் சக்கரத்தைப் பாருங்கள்: மூன்றே நட்டு. முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். கஞ்சத்தனம் என்று சிரித்தார்கள். 2015-ல் ரெனோ க்விட் வந்தது, நம் ஒரகடத்தில் தயாராகிறது. அதிலும் மூன்று நட்டு, ஒரு வைப்பர். யாரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்த பானெட், சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக், 180 மி.மீ. தரை இடைவெளி; பார்வைக்கு ஒரு குட்டி எஸ்யூவி. நானோவுக்கும் அதே 180 மி.மீ.தான், அதைச் சொல்லி விற்க யாருக்கும் தோன்றவில்லை!

சரி, வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முடிந்தால் 2015-ல் வந்த ஜென்எக்ஸ் (GenX) நானோ மாடலைத் தேடுங்கள். அதற்கு முந்தியதில் பின்கதவே திறக்காது. பின்சீட்டை மடக்கி, அதன்மேல் தூக்கித்தான் அரிசி மூட்டையைப் போட வேண்டும். எஞ்சினைத் தொடவும் அதே வழிதான், திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்க வேண்டும். சர்வீஸில் சோம்பேறித்தனம் நடப்பதும் இங்கேதான், ஆகவே மூடியைத் திறக்கச் சொல்லி ஆயில் கசிவைக் கண்ணால் பாருங்கள். பழைய மாடலின் டேங்க் 15 லிட்டர். லிட்டருக்கு 18 கொடுத்தாலும் 270 கி.மீ.தான். ஜென்எக்ஸில் 24 லிட்டர். இரண்டிலும் பெட்ரோல் மூடி முன் பானெட்டுக்குள் இருப்பதால் ஒவ்வொரு முறையும் பங்க்கில் இறங்கித் திறந்தாக வேண்டும்.

டயரில் ஏமாறாதீர்கள். முன்னால் 135/70 R12, பின்னால் 155/65 R12. கடைக்காரர் கையில் இருக்கும் ஆல்டோ டயரை (145/80 R12) நீட்டுவார், வாங்காதீர்கள். ஸ்டெப்னி முன்சக்கர அளவில்தான் இருக்கும். பின்டயர் பஞ்சரானால் அதைப் போட்டு மெதுவாகக் கடைவரை போவதோடு சரி.

நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். இரண்டாவது கியரில் இறக்குங்கள். 624 சிசி, இரண்டு சிலிண்டர், பின்பாரம், ஒல்லி உடம்பு. நாற்கர சாலையில் 80-ஐத் தாண்டிய பிறகு பக்கத்தில் பஸ் கடந்தால் வண்டி ஆடும். ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்யம். பள்ளிக்கூடம், மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன் என்றால் தாராளமாக வாங்கலாம். வாரா வாரம் ஹைவேயில் போகிறவர்கள் தொட வேண்டாம்.