திருகோணமலைப் பூங்காவில் ஸ்கேற்றிங் தளமா, நாய்த்திடலா? எதை, எங்கே, எப்படி அமைப்பது

ஒரு ஏக்கர் பூங்கா என்றால் 160 பேர்ச். நடைபாதை, ஊஞ்சல் பகுதி, மலசலகூடம், நிழல்மரங்கள் எல்லாவற்றுக்கும் ஒதுக்கிய பிறகு புதிதாக ஒன்றை அமைக்க மிஞ்சுவது 90, 100 பேர்ச்தான். அதற்குள் பிள்ளைகளுக்கு ஸ்கேற்றிங் தளமும் வேண்டும், வளர்ப்பு நாய்களை அவிழ்த்துவிட வேலியடைத்த திடலும் வேண்டும் என்றால் முதலில் செலவின் தன்மையைப் பார்க்க வேண்டும். ஸ்கேற்றிங் தளத்துக்கு ஒரே தடவையில் பெரிய செலவு. அதன் பிறகு காலையில் கூட்டிவிட ஓர் ஆள் போதும். நாய்த்திடலை வேலியும் வாசலும் போட்டுக் குறைந்த பணத்தில் தொடங்கிவிடலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்க ஆள் வேண்டும். பார்ப்பாரில்லாத நாய்த்திடல் ஒரு மாரிக்குள் புழுவும் உண்ணியும் பெருகும் இடமாகிவிடும். ஆகவே கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ஸ்கேற்றிங் தளத்தையே முதலில் கட்ட வேண்டும்.

இடம்

டச்பே கடற்கரைப் பக்கம் பார்க்க அழகு, வந்து போகவும் இலகு. ஆனால் இரண்டு வசதிக்குமே அது பிழையான இடம். ஸ்கேற் சில்லுக்குள் இருக்கும் பெயரிங் 608 அளவுடையது: வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர், அகலம் 7 மில்லிமீற்றர். காற்றில் வரும் கடல்மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனாலே அது கரகரக்கத் தொடங்கும். உப்பும் சேர்ந்தால் சீக்கிரம் இறுகிவிடும். அதைவிட மோசம், வழவழப்பான கொங்கிரீட்டின் மேல் படியும் மெல்லிய மணல். 52 மில்லிமீற்றர் விட்டமுள்ள கெட்டிச் சில்லு அந்த மணலில் பக்கவாட்டாக வழுகும். விழுகிற பிள்ளை கையை ஊன்றும், மணிக்கட்டு உடையும்.

நாய்களைப் பொறுத்தவரை தடை வேறு. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கடற்கரையோரத்திலும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் கட்டுப்பாடின்றித் திரிகின்றன. கயிறு அவிழ்த்த நாய்க்கு மான்குட்டி கண்ணில் பட்டால் எந்தக் கூப்பிடுகுரலும் அதன் காதில் ஏறாது. வேலி இருந்தாலும் வாசல் வரை கயிற்றில் கூட்டிவரும்போது இழுபறிதான். எனவே உட்துறைமுகப் பக்கமோ, உவர்மலை போல மழைநீர் தானாக வடியும் மேட்டுநிலமோதான் பொருத்தம்.

ஸ்கேற்றிங்: நான்கு வகை, ஒரு தெரிவு

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் முதலில் கேட்பது கிண்ணக்குழியைத்தான், வெறுமையான நீச்சல் தடாகம் போல வளைந்த சுவர்களோடு நிலத்துக்குள் இறங்கும் குழி. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேற்போர்டிங் முதன்முதலாகச் சேர்ந்தபோது ‘பார்க்’ பிரிவில் உலகம் கண்டது அந்த வகைத் தளம்தான். இங்கே அது வேண்டாம். வளைவில் ஒரு சென்ரிமீற்றர் பிசகினாலும் சில்லு உதறும். அந்த வளைவைப் பிடிக்கக் கொங்கிரீட்டை விசைக்குழாயால் பீய்ச்சி, வார்ப்பளவு வைத்துச் சுரண்டி எடுக்கும் கைப்பழக்கம் வேண்டும். வடிகான் வேலையும் வீட்டுத்தள வேலையும் செய்து பழகிய மேசனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டாவது, தண்ணீர். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 200 சதுர மீற்றர் குழிக்குள் விழுவது 20,000 லீற்றர். அடியில் உள்ள ஒரேயொரு வடிகுழாயை இரண்டு கைப்பிடி வேப்பஞ்சருகு அடைத்துவிடும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். 2017 இல் டெங்கினால் கிண்ணியா பட்ட பாட்டை மறந்துவிட்டு, இந்த மாவட்டத்தில் எவரும் தண்ணீர் தேங்கும் குழிக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

மரப்பலகைச் சரிவுகள் மலிவு, விரும்பினால் கழற்றி மாற்றலாம். ஆனால் மரைன் பிளைவூட்டின் விளிம்பில் ஈரம் ஏறினால் அடுக்குகள் பிரியும், ஆணித்தலை மேலெழும், அடியிலிருந்து கறையான் வரும். கூரைக்குக் கீழே என்றால் யோசிக்கலாம். வெளியில் வைத்தால் ஒவ்வொரு மாரியும் முடியத் தகடு மாற்ற வேண்டிவரும். இரும்புச் சட்டத்தில் செய்தவை உறுதியானவை, ஆனாலும் உள்ளே வெறுமை என்பதால் ஒவ்வொரு குதிப்பும் பறை போல ஒலிக்கும். கோயிலோ பள்ளிக்கூடமோ பக்கத்தில் இருந்தால் முதல் வாரத்திலேயே முறைப்பாடு வரும்.

பம்ப் ட்ராக் என்பது மேடும் பள்ளமுமாக அலையலையாகச் சுற்றிவரும் தார்ப்பாதை. மிதிக்காமல், உடலை அழுத்தித் தளர்த்தியே வேகம் பிடிக்கலாம். மேடுகளுக்கிடையே உள்ள தூரம் உயரத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு: 40 சென்ரிமீற்றர் மேடு என்றால் 4 மீற்றருக்கு ஒன்று. சைக்கிள், ஸ்கூட்டர், இன்லைன் ஸ்கேற் எல்லாம் ஓடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இருபது வயது இளைஞருக்கும் ஒரே பாதை என்பதால் இதன் மேல் எங்களுக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனி வடிகால் வேண்டும். அடிமண்ணை 15 சென்ரிமீற்றருக்கு ஓர் அடுக்காக இறுக்காமல் தார் போட்டால், முதல் மாரியிலேயே மேடு அமர்ந்து அலை கெட்டுவிடும். தார் வெப்பத்தையும் வாங்கும்: கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டும். இதை இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் தெரிவு நான்காவது: சமதளக் கொங்கிரீட் முற்றம், அதன் மேல் உயரம் குறைந்த சில தடைகள். 20 க்கு 32 மீற்றர் எடுத்தால் 640 சதுர மீற்றர், ஏறக்குறைய 25 பேர்ச். நடுவில் பழகுநருக்கு வெறுந்தளம் விட வேண்டும். ரோலர் ஸ்கேற் கட்டிய சிறுமிக்கு அதுவே பள்ளிக்கூடம். ஓரங்களில் 30 முதல் 45 சென்ரிமீற்றர் உயரத் திண்ணைகள் இரண்டு, 15 சென்ரிமீற்றர் உயர மேடை ஒன்று, ஒரு முனையில் 20 பாகைச் சரிவு, மறு முனையில் 1 மீற்றருக்கு மேற்படாத கால்வட்டச் சரிவு. கால்வட்டத்தின் உச்சியில் பதிக்கும் குழாய் 60 மில்லிமீற்றர் வெளிவிட்டம் உடையது. அது தளத்தை விட 5 முதல் 10 மில்லிமீற்றர் துருத்தி நிற்க வேண்டும். துருத்தாவிட்டால் சில்லுக்கு விளிம்பு தெரியாது, அதிகம் துருத்தினால் சில்லு முட்டி ஆளைத் தூக்கி எறியும். குழாயை வெட்டி, ஒட்டி முடித்த பிறகே உருக்கிய நாகத்தில் (சிங்க்) தோய்த்தெடுக்க வேண்டும். தோய்த்ததை வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டிலிருந்துதான் துரு தொடங்கும். வடிவமைப்பவரிடம் ஸ்கேற்றிங் தளங்களுக்கான ஈ.என். 14974 என்ற ஐரோப்பியத் தரத்தைப் படித்திருக்கிறாரா என்று கேட்கலாம்.

தளத்தைப் போடுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. இறுக்கிய மெற்றல் அடித்தளம் 15 சென்ரிமீற்றர், அதன் மேல் 125 மில்லிமீற்றர் கனத்தில் தரம் 30 கொங்கிரீட். மொத்தம் 80 கன மீற்றர். கம்பி 10 மில்லிமீற்றர், 30 சென்ரிமீற்றருக்கு ஒன்று. கம்பிக்கு மேல் 40 மில்லிமீற்றர் கொங்கிரீட் மூடியிருக்க வேண்டும், கடற்காற்று உள்ள ஊரில் அதில் விட்டுக்கொடுப்பே கூடாது. கடல்மணலைக் கலவைக்குள் விட்டால் உப்பு கம்பியை உள்ளிருந்தே அரிக்கும். 4 மீற்றர் சதுரமாக 40 கட்டங்கள் வரும். கட்டக் கோடுகளை அடுத்த நாள் காலைக்குள், கனத்தின் கால்வாசி ஆழத்துக்கு, 3 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டிவிட வேண்டும். பிந்தினால் கொங்கிரீட் தான் விரும்பிய இடத்தில் வெடிக்கும், அந்த வெடிப்பைச் சில்லு ஒவ்வொரு தடவையும் உணரும். கோடு அகலமானால் சிறிய சில்லு மாட்டும்.

பலர் பிழைவிடும் இடம் மேற்பரப்பு. வீட்டு முற்றத்துக்குச் செய்வது போலத் தும்புத்தடியால் கோடிழுத்துவிட்டால் தளம் கெட்டது. தோல் உரியும், சில்லு தேயும், ஓட்டமும் வராது. இரும்புக் கரணையால் மூன்று தடவை இழைக்க வேண்டும். ஆனால் சீமெந்துத் தூளைத் தூவிக் கண்ணாடியாக்கவும் கூடாது, அது சில மாதத்தில் செதில் செதிலாகக் கழரும். சாய்வு ஒரே பக்கமாக நூற்றுக்கு ஒன்று: 20 மீற்றர் அகலத்தில் 20 சென்ரிமீற்றர் இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, சில்லுக்கும் உறுத்தாது, தண்ணீருக்கு மட்டும் வழி தெரியும். வடிகான் தளத்தின் எல்லைக்கு வெளியே இருக்கட்டும், கம்பிமூடியைத் தளத்துக்குள் வைக்கவே வேண்டாம்.

இன்னுமொன்று. நல்ல சமதளத்தைக் கண்டால் எந்த விழாவுக்கும் பந்தல் போட மனம் வரும். பந்தல்காலுக்குத் தளத்தில் ஒரு துளை போட்டாலே ஒரு கட்டம் போய்விடும். எல்லைக்கு வெளியே 4 மீற்றருக்கு ஒன்றாகக் கயிறு கட்டும் வளையங்களை முதலிலேயே புதைத்துவிட்டால் அந்தச் சண்டையே எழாது.

நாய்கள்: வேலியா, நேரமா?

இங்கே இரண்டு வழி. ஒன்று, காலை ஆறு முதல் எட்டு வரை பூங்காவின் ஒரு பகுதியை நாய்களுக்கு விட்டுவிட்டு மற்ற நேரம் எல்லோருக்கும் திறப்பது. செலவில்லை. ஆனால் வேலி இல்லாத இடத்துக்குக் கட்டாக்காலி நாய்களும் வரும். கடி, விசர்நாய் பயம், பிள்ளைகள் விளையாடும் மண்ணில் எச்சம் என்று மூன்று பிரச்சினையும் ஒன்றாக வரும். நாயின் கொக்கிப்புழுக் குடம்பி ஈரமான நிழல்மணலில் ஒரு வாரத்துக்குள் தோலைத் துளைக்கும் நிலைக்கு வளர்ந்துவிடும். வெறுங்காலோடு வரும் பிள்ளைக்குத் தோலுக்கடியில் ஊர்ந்து போகும் சிவந்த கோடு அதனால்தான். அந்தப் புழுக்களில் ஒன்றுக்கு அறிவியற்பெயரே ‘செய்லானிக்கம்’, சிலோனின் பெயர். ஆகவே நேரப்பகிர்வை நாங்கள் ஏற்கவில்லை.

வேலியடைத்த தனித்திடல்தான் சரி. பெரிய நாய்களுக்கு 1,200 சதுர மீற்றர், 10 கிலோவுக்குக் குறைந்தவற்றுக்குத் தனியாக 300. இரண்டும் சேர்ந்து 60 பேர்ச் அளவு. வேலி 1.8 மீற்றர். உள்ளிருந்து நாய் பாயாமல் இருக்க 1.5 போதும் என்றாலும், உள்ளே பச்சைப்புல் இருந்தால் வெளியிலிருந்து மான் பாயும். அடிப்பகுதியில் 60 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மறைப்புச் சுவர் வைக்க வேண்டும்: கட்டாக்காலி நாயும் உள்ளே நிற்கும் நாயும் மூக்கோடு மூக்கு பார்த்துக் குரைத்து ஓடும் வேலிச்சண்டை பாதியாகக் குறையும், தோண்டி நுழையவும் முடியாது. சுவரைப் பூசி மெழுக வேண்டும், கல்லிடுக்கு இருந்தால் உண்ணி குடியேறி முட்டையிடும்.

வாசல் இரட்டை. 3 மீற்றர் சதுரக் கூண்டு, முன்னும் பின்னும் கதவு. ஒன்று மூடினால்தான் மற்றதைத் திறக்க வேண்டும். கயிற்றை அவிழ்ப்பது அந்தக் கூண்டுக்குள். அவிழ்த்த நாய்களுக்கு நடுவே கயிற்றோடு ஒரு நாய் நுழைந்தால் அதற்குத் தப்பி ஓட வழியில்லை என்று பயம் வரும், சண்டை அங்கேதான் வெடிக்கும். வாசலைச் சுற்றிய 3 மீற்றருக்குப் புல் நிற்காது. அங்கே முதலிலேயே மெற்றல்தூள் இறுக்கிவிடலாம். கடல்மணல் வேண்டாம். தண்ணீருக்குத் தொட்டி கட்டக் கூடாது. தாழ்ந்த குழாயும் கவிழ்த்து ஊற்றக்கூடிய கிண்ணமும் போதும். தேங்கும் நீரும் நாயின் சிறுநீரும் எலிக்காய்ச்சலுக்கு வழிவிடும்.

எச்சத்துக்குப் பொலித்தீன் பையைத் தொங்கவிடுவது வெளிநாட்டு வழக்கம். திருகோணமலை மான்கள் பொலித்தீனைத் தின்று சாகின்றன என்பது ஊருக்கே தெரியும். பழைய பத்திரிகைத்தாளும், காகம் திறக்க முடியாத சுருள்வில் மூடித் தொட்டியும், மாலையில் அதை அகற்ற ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை வரவுசெலவில் எழுதாவிட்டால் வேலிக்கம்பமே நடக் கூடாது. உள்ளே விட, விசர்நாய்த் தடுப்பூசி அட்டை கட்டாயம். நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் இந்தத் தீவில் 1901 முதல் இருக்கிறது, எனவே அட்டை கேட்பது புதிய கெடுபிடி இல்லை. சூட்டில் இருக்கும் பெட்டை, தடுப்பூசி முடியாத குட்டி, சாப்பாட்டுப் பொதி மூன்றும் வாசலுக்கு வெளியே.

இரண்டையும் ஒரே பூங்காவில் வைத்தால்

ஒட்டி வைக்காதீர்கள். பலகை நிலத்தில் அடிக்கும் ‘டக்’ என்ற ஒலியும் விரைந்தோடும் உருவமும் நாயைத் துரத்தத் தூண்டும். குறைந்தது 30 மீற்றர் இடைவெளி, நடுவில் அடர்ந்த செடிவேலி, வெவ்வேறு வாசல். கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில்தான் கூட்டம் அதிகம் வரும், ஆகவே நாய்த்திடல் கிழக்குப் பக்கம் இருக்கட்டும். நிழல் இரண்டுக்கும் வேண்டும், ஒரே மாதிரி அல்ல. நாய்த்திடலுக்குள் வேம்பும் பூவரசும் நடலாம். கொங்கிரீட்டிலிருந்து மரம் 5 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் கட்டத்தைத் தூக்கும். தளத்துக்கு மேல் நிழல்துணி கட்டினால் ஒக்டோபருக்கு முன் கழற்றிவிட வேண்டும். 2020 டிசம்பரில் புரேவிப் புயல் கரையேறியது இந்த மாவட்டத்தின் திரியாய், குச்சவெளிப் பக்கம்தான்.

வேலைக்கு ஏற்ற மாதம் பெப்ரவரி, மார்ச். மாரி ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் எழுந்திராது. கச்சானில் கொங்கிரீட் போட்டால் மேற்பரப்பு நீர் ஒரு மணித்தியாலத்தில் பறந்து தலைமயிர் வெடிப்பு விழும். விடியற்காலை ஐந்துக்குத் தொடங்கி ஒன்பதுக்கு ஊற்றி முடிக்க வேண்டும், பிறகு ஏழு நாள் நனைந்த சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாரமெடுக்கும் நாளில் தளம் முழுவதும் தண்ணீர் அடித்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். எங்காவது ஒரு நாணயத்தை மூடும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் அந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுப் படமெடுத்து வையுங்கள். கொந்தராத்துக்காரருக்குப் பிடித்துவைத்த கடைசிப் பணத்தை முதல் மாரி முடிந்து, அதே வட்டங்களை மறுபடி பார்த்த பிறகே கொடுங்கள்.