ஃபோர்ட் கொச்சி ‘பிரைவேட் டூர்’: நாலு மணி நேரத்துக்குக் காசு, ஊர் பார்ப்பது ஒன்றரை மணி நேரம்

ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் சுற்றிக் காட்டுகிறோம் என்று அரை நாள் பிரைவேட் டூர் விற்கிறார்கள். ஹோட்டல் வரவேற்பறை, ரயில் நிலைய வாசல், வாட்ஸ்அப் என்று எங்கே திரும்பினாலும் அதே பட்டியல்தான்: ஒன்பது இடம், நாலு மணி நேரம், தனி வண்டி, பேசத் தெரிந்த டிரைவர். மூணாறு பேக்கேஜில் போகிறவர்களுக்கு இதுவே கடைசி நாள் அயிட்டமாக ஒட்டிக்கொண்டு வரும். அட்வான்ஸ் அனுப்பும் முன் கீழே உள்ள கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

எர்ணாகுளம் ஹோட்டலில் ஏற்றி அங்கேயே இறக்கிவிடுவதாகப் பேச்சு. தோப்பும்படி வழியாகச் சாலையில் போனால் சுமார் 12 கிலோமீட்டர். நெரிசலில் ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் சாதாரணம். போக வர 90 நிமிடம் வண்டிக்குள்ளேயே போயிற்று. நடுவில் மூன்று கடை, கடைக்கு 20 நிமிடம் வீதம் 60. நாலு மணி நேரத்துக்கு 240 நிமிடம். இந்த 150 போக மிச்சம் 90. அதை ஒன்பதால் வகுத்தால் இடத்துக்குப் பத்து நிமிடம், அதிலும் செருப்பைக் கழற்றி மாட்டுகிற நேரம் சேர்த்தி.

அந்த ஒன்பது இடமும் ஒன்பது ஊரில் இல்லை. சீன வலை, வாஸ்கோ ட காமா சதுக்கம், கடற்கரை நடைபாதை, செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம், பரேடு மைதானம், சாந்தா குரூஸ் பசிலிக்கா எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கிற தூரம். டச்சுக் கல்லறையையும் தனி இடமாக எண்ணிக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் பூட்டியே கிடக்கும், வாசல் கம்பி வழியாக எட்டிப் பார்க்கலாம். கோட்டை என்று ஒரு வரி இருந்தால் அதையும் நம்பாதீர்கள். ஊரின் பெயரில் இருக்கிற அளவுக்குத் தரையில் கோட்டை மிச்சமில்லை. வண்டி தேவைப்படுவது மட்டாஞ்சேரிக்குப் போகிற அந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மட்டும். அங்கேயும் இறங்கிவிட்டால் அரண்மனையிலிருந்து யூதத் தெருவுக்கு நடையே போதும்.

கிழமையில் ஏமாறுகிறவர்கள் அதிகம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பரதேசி யூத ஜெப ஆலயம் சனிக்கிழமை திறக்காது, வெள்ளி மதியத்துக்கு மேலும் நம்ப முடியாது, யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். மற்ற நாட்களில்கூட மதியம் 1 முதல் 3 வரை இடைவேளை. செயின்ட் பிரான்சிஸில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். இதெல்லாம் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு புக் செய்தால் பட்டியலில் அரண்மனையும் ஜெப ஆலயமும் இருக்கும், ரேட்டும் குறையாது. வாசலில் போய் நின்ற பிறகு, “இன்னிக்கு லீவு சார், பரவால்ல, அதைவிடப் பெரிய மியூசியம் இருக்கு” என்று இன்னொரு பக்கம் கூட்டிப்போவார்கள். உள்ளே போனால் வார்ப்பு என்கிற பிரம்மாண்டமான பாத்திரம், பழைய மரத்தூண், தூக்குவிளக்கு எல்லாம் இருக்கும், எல்லாவற்றிலும் விலைச்சீட்டும் தொங்கும். பார்க்க அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கடை. பழம்பொருள் என்று எதையாவது விலை பேசுவதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூர், மலேசியாவுக்கு எடுத்துப் போகலாம் என்று கடைக்காரர் தைரியம் சொன்னால், ஒன்று பொருள் புதியது, இல்லை பேச்சு பொய்.

கடைக்கு ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். நீங்கள் ஒரு பைசாவுக்கும் வாங்காவிட்டாலும், ஆள் உள்ளே கால் வைத்தாலே டிரைவருக்குக் கூப்பனோ கைக்காசோ உண்டு. வாங்கினால் அதில் சதவீதம் தனி. வண்டி வாசலில் நின்றதும் கடைப் பையன் ஒருவன் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வதைக் கவனித்தால் தெரியும். “வாங்க வேணாம் சார், சும்மா பத்து நிமிஷம் பாருங்க, எனக்கு உதவியா இருக்கும்” என்று டிரைவர் சொல்வது அந்தக் கூப்பனுக்காகத்தான். அந்தக் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். வில்லிங்டன் தீவில் சொகுசுக் கப்பல் வந்து நிற்கிற நாளில் ஆட்டோ ரேட் நம்ப முடியாத அளவுக்கு இறங்குவதும் இதனால்தான். நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: “ரெண்டு கடை போகணும், எனக்குக் கூப்பன் கிடைக்கும், அதனால்தான் இந்த ரேட்” என்று முதலிலேயே உடைத்துச் சொல்கிற ஆட்டோக்காரர்களும் இருக்கிறார்கள். அது நேர்மையான பேரம், தாராளமாக ஏறலாம். முழு ரேட்டும் வாங்கிக்கொண்டு கடையையும் திணிப்பவரைத்தான் இங்கே சொல்வது.

மசாலாக் கடையில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் டூர் காசைவிடப் பெரிய தொகை போவது இங்கேதான். முதலில் சின்னக் கப்பில் இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்ட சூடான டீ வரும். டீயைக் கையில் வாங்கிவிட்டால் எழுந்து போகக் கூச்சம். பிறகு தட்டுகள் வரிசையாக வரும். உள்ளங்கையில் தேய்த்து முகரச் சொல்வார்கள். முகரக் கொடுப்பது ஒரு தட்டிலிருந்து, பொட்டலம் வருவது உள் அறையிலிருந்து. விலையை 100 கிராமுக்குச் சொல்வார்கள், கேட்கிறவர் காதில் அது கால் கிலோவாக விழும். கிஃப்ட் பேக் என்று பனையோலைப் பெட்டியில் ஏழெட்டு மசாலாவைச் சேர்த்துக் கட்டியிருப்பதில் எது எத்தனை கிராம் என்றே இருக்காது. பாக்கெட் போட்டு விற்கும் எந்தப் பொருளிலும் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பாக் செய்த மாதமும் ஆண்டும், தயாரித்தவர் முகவரி கட்டாயம் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் 14 இலக்க எண்ணும் வேண்டும். இவை இல்லாத பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஏலக்காய் வாங்குவதென்றால் கடைக்குள் போகும் முன் போனில் ஸ்பைசஸ் போர்டு (நறுமணப் பொருள் வாரியம்) தளத்தைத் திறந்து, கடைசி ஏலத்தில் சின்ன ஏலக்காய் கிலோ சராசரி என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். சில்லறை விலை அதைவிடக் கூடத்தான் இருக்கும். இரண்டு மடங்கு என்றால் யாருடைய கூப்பனுக்கோ நீங்கள் காசு கட்டுகிறீர்கள். வாய் பிளந்த, வெளுத்த காய் மட்டம். கண்ணைப் பறிக்கிற ஒரே சீரான பச்சை என்றால் சாயத்தைச் சந்தேகப்படலாம், ஈர விரலில் தேய்த்தால் தெரிந்துவிடும். மிளகை ஒரு ஸ்பூன் தண்ணீரில் போட்டால் முற்றியது அடியில் போகும், மேலே மிதப்பது பதரோ பப்பாளி விதையோ. பட்டையில் மெல்லிய தோல் பல அடுக்காகச் சுருண்டிருப்பது இலவங்கப்பட்டை, ஒரே தடித்த ஓடாக இருப்பது காசியா என்கிற மலிவான வகை. இரண்டையும் ஒரே விலைக்கு விற்பதுதான் அங்கே வியாபாரம். குங்குமப்பூ கேரளத்தில் கடைக்கு வருகிற அளவுக்கு விளைவதில்லை, “நம்ம தோட்டத்துச் சரக்கு” என்று ஆரம்பித்தால் மேற்கொண்டு கேட்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் இரண்டு இழை போட்டதும் தண்ணீர் உடனே சிவந்து இழை வெளுத்தால் சாயம் ஏற்றியது. அசல் மெல்ல மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே நிற்கும். சந்தன எண்ணெய் சல்லிசாகக் கிடைத்தால் அது சந்தனமே இல்லை.

கைடு விஷயம். டிரைவர் கம் கைடு என்று போட்டிருந்தால் பெரும்பாலும் டிரைவர்தான் இருப்பார், கைடு இருக்க மாட்டார். அவர் சொல்கிற கதையில் டச்சு அரண்மனையை, அதாவது அதே மட்டாஞ்சேரி அரண்மனையை, டச்சுக்காரர்கள் கட்டியிருப்பார்கள், வாஸ்கோ ட காமா இன்னும் செயின்ட் பிரான்சிஸில் படுத்திருப்பார். அரண்மனையைக் கட்டி கொச்சி அரசருக்குக் கொடுத்தது போர்ச்சுகீசியர்கள். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுது பார்த்துப் புதுப்பித்ததால் பெயர் மட்டும் அவர்களுடையதாகிவிட்டது. காமா 1524-ல் கொச்சியில் இறந்து அந்தத் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார், உடல் எச்சங்களைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே இருப்பது வெறும் கல்லறைக் கல். பணம் பேசும்போதே இந்த இரண்டையும் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். சுற்றுலாத் துறை உரிமம் உள்ள கைடிடம் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை இருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டுவார், “வீட்ல இருக்கு” என்று சொல்ல மாட்டார்.

சீன வலையடியில் இன்னொன்று. மேடை மேல் வாங்க, கயிறு இழுங்க என்று கூப்பிடுவார்கள். பெரிய மரச்சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் கட்டித் தொங்கும் கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால் கல் ஒவ்வொன்றாக இறங்கி வலை எழும்பும். பார்க்க வேண்டிய காட்சிதான். போட்டோ எடுத்து முடித்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். வலையில் விழுகிற மீன் கொஞ்சம், அவர்கள் பிழைப்பும் கஷ்டம், கொடுப்பதில் தப்பில்லை. தொகையை ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். பக்கத்தில் மீன் வாங்கிப் பொரித்துத் தரச் சொல்கிறவர்கள், எடையைக் கண்ணெதிரே போடச் சொல்லி, சமையல் கூலி தனியா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். அந்த மீன் பெரும்பாலும் எதிரே தெரிகிற வலையில் விழுந்ததில்லை.

ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கிற தோபிகானாவை, அதாவது சலவைத்துறையை, பல டிரைவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள். அங்கே துவைப்பவர்கள் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பத்தினர். நமக்குக் கைடே தேவையில்லாத ஒரே இடம் அது. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

டூரோடு படகுச் சவாரியும் சேர்த்து விற்றால் காசு இரண்டாம் பட்சம், உயிர்தான் முதல். 2023 மே 7-ம் தேதி மலப்புறம் தானூரில் கவிழ்ந்தது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். பதிவு எண்ணும் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் படகின் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் மூட்டையாகக் கட்டி மூலையில் கிடந்தால் ஏறாதீர்கள். குழந்தைகள் அளவு இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

சாலையில் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியதே இல்லை. எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து அரசுப் படகு உண்டு, 2024-ல் ஃபோர்ட் கொச்சி முனையம் திறந்த பிறகு ஹைகோர்ட் முனையத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகும் உண்டு. 20 நிமிடம்தான், காசும் சில்லறைதான். இறங்கிய இடத்திலிருந்து நடந்து பார்த்துவிட்டு, மட்டாஞ்சேரிக்கு ஒரு வழி ஆட்டோ பிடித்தால் போதும்.

பெரியவர்கள் கூட இருக்கிறார்கள், வண்டி வேண்டும்தான் என்றால், இடக் கணக்கில் பேசாதீர்கள், மணிக் கணக்கிலும் பேசாதீர்கள். இடக் கணக்கென்றால் விரட்டுவார்கள், மணிக் கணக்கென்றால் கடையில் உட்கார வைத்து மணியை ஓட்டுவார்கள். நேரம் ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதிலிருந்து தொடங்கும், எந்த இடத்தில் குறைந்தது எவ்வளவு நேரம், கடை எதுவும் கிடையாது, பார்க்கிங் யார் கணக்கு, இந்த நாலையும் வாட்ஸ்அப்பில் எழுதி “சரி” என்று பதில் வாங்குங்கள். வாயால் பேசியது வண்டி கிளம்பியதும் காற்றோடு போய்விடும். வண்டி மஞ்சள் போர்டா பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு, விபத்தென்றால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். அட்வான்ஸ் குறைவாக, மீதி இறங்கும்போது. மீறிக் கடை வாசலில் நிறுத்தினால் “கடை வேண்டாம் சேட்டா” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, இறங்காமல் உட்கார்ந்திருங்கள். இறங்கிவிட்டால் கூப்பன் விழுந்துவிடும், அப்புறம் அடுத்த கடைக்கும் அதே பாட்டு.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வண்டி எண்ணின் படம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு கேரளச் சுற்றுலாத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 4747-க்கும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுங்கள். பில் இல்லாத மசாலாவுக்கு எதுவும் செய்ய முடியாது, அதனால் ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்காமல் வெளியே வராதீர்கள். சண்டையை ஊர் நடுவில், பெட்டிகள் எல்லாம் அவர் டிக்கியில் இருக்கும்போது ஆரம்பிக்கவும் வேண்டாம். ராத்திரி ரயில் பிடிக்கிறவர்கள் பெட்டியைப் பூட்டி, டிக்கெட்டைக் காட்டி, எர்ணாகுளம் ஜங்ஷன் கிளோக் ரூமில் போட்டுவிட்டுப் போனால் எந்த இடத்திலும் வண்டியை விட்டு இறங்கிக்கொள்ளலாம்.