வரம்பை உயர்த்துவதா, கிளையண்டைத் திருத்துவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டமொன்றின் எடைமேடையில், லோரி எடைகளைத் தலைமையகத்தின் வலைச்சேவைக்கு அனுப்பும் ஜாவா நிரல் ஒரு கண்டெய்னருக்குள், அதாவது நினைவக அளவு வரையறுக்கப்பட்ட தனிச் சூழலுக்குள் ஓடுகிறது. 512 மெகாபைட் நினைவக வரம்பைத் தாண்டியதும் லினக்ஸ் கெர்னல் அதை நிறுத்திவிட, 137 என்ற வெளியேறு எண் மட்டுமே மிஞ்சுகிறது.

வரம்பை 1 ஜிகாபைட்டாக்குவது ஒரே வரி வேலை. பழச் செழிப்புப் பருவத்தில் லோரிகள் உண்மையிலேயே பெருகியிருந்தால் அது போதும். பயன்படுத்திய நினைவகம் விடுவிக்கப்படாமல் சேரும் கசிவென்றால், காலையில் விழுந்தது மாலையில் விழும், அவ்வளவுதான்.

கிளையண்டை, அதாவது வலைச்சேவையை அழைக்கும் நிரல்பகுதியைத் திருத்துவதற்கு முதலில் நினைவகம் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். ஜாவா பொருள்கள் வாழும் பகுதியான ஹீப்பின் உச்சம், நாமாக மாற்றாவிட்டால், கண்டெய்னர் நினைவகத்தில் 25 விழுக்காடே, அதாவது சுமார் 128 மெகாபைட். ஆகவே ஹீப்பின் நகலான ஹீப் டம்ப் சுத்தமாகத் தெரிந்தால் ஏமாறவேண்டாம், மீதி ஹீப்புக்கு வெளியே இருக்கிறது. ஜாவாவுடன் வரும் ஜேசிஎம்டி (jcmd) கருவியின் இழைப் பட்டியலில், எண் மட்டும் மாறி மற்றபடி ஒரே பெயருடைய இழைகள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்றால், ஒவ்வொரு எடைச் சீட்டுக்கும் புதிய எச்டிடிபி கிளையண்ட் பிறக்கிறது என்று பொருள். அதை மூடும் வசதியே ஜாவா 21இல்தான் வந்தது. மூடாவிட்டால், பயனற்ற பொருள்களை ஜாவா தானே அகற்றும் குப்பை சேகரிப்பு நடக்கும்வரை பழைய இழைகள் நினைவகத்தைப் பிடித்தபடி கிடக்கும். வரம்பை உயர்த்தினால் ஹீப்பும் பெருகி, அச்சேகரிப்பு இன்னும் தாமதமாகும்.

ஒரே கிளையண்டை எல்லா அழைப்புகளுக்கும் பகிர்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.